சமன் வந்தால் பூஜ்யம்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை வகுப்பு. பதிவு செய்தவர்கள் பதினொரு பேர், வந்தவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் எல்லாம் எதிர் வகுப்பில், இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் படிப்பில். மனிதர்களுக்குப் பாடம் சொல்பவனுக்கு இப்போது மவுசு இல்லை.

வழக்கமான முதல் பாடம். ஒரு பிட்டை அனுப்புகிறாய், வழியில் இரைச்சல் அதைக் கெடுத்துவிடுகிறது, பூஜ்யம் ஒன்றாகிவிடுகிறது. என்ன செய்வாய்? "மூணு தடவை அனுப்புவேன் சார், எது அதிகமா வருதோ அதை எடுத்துப்பேன்" என்றான் முதல் பெஞ்சு. சரி. இரண்டு தடவைதான் அனுப்ப முடியும் என்றால்? ஒன்று பூஜ்யம் என்கிறது, இன்னொன்று ஒன்று என்கிறது. யார் பேச்சைக் கேட்பாய்?

"எங்க வீட்டுல எங்கம்மா பேச்சுதான் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், நல்ல பதில்தான்.

மதியம் என் மாணவி வந்தாள். எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே ஆய்வு மாணவி, ஐந்தாம் வருடம். மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். எங்கள் புதிய டிகோடரின், அதாவது கெட்டு வந்த பிட்டுகளைத் திருத்திப் படிக்கும் முறையின், வளைவு. சிக்னல் பலம் கூடக் கூடப் பிழை எவ்வளவு குறைகிறது என்று காட்டும் கோடு. பழைய முறைகளின் கோடுகள் எல்லாம் சோம்பேறித்தனமாகச் சரிய, எங்களுடையது கிணற்றில் கல் போட்டது போல் விழுகிறது.

இருபத்தேழு வருடத்தில் இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை.

"சார், ரேண்டம் டேட்டா அனுப்பியும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். குறியீடு நேரியல். அதில் எல்லாச் சொல்லும், அதாவது எல்லாப் பிட்டு வரிசையும், ஒன்றுபோலத்தான். முழுக்கப் பூஜ்யமாக ஒரு சொல்லை அனுப்பிச் சோதித்தால் போதும், பாதி நேரம் மிச்சம். இந்தத் துறையில் உள்ள அத்தனை பேரும் அப்படித்தான் செய்கிறோம். என் பழைய நண்பன் கொக்கின் ஆய்வகமும் இதே வேலையில் இறங்கியிருக்கிறதாம். அவனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

என் பழைய ஆய்வகத்தில் இப்போது காபி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். துறைத் தலைவர் காட்டினார். "சார், இது எல்லாருக்கும் பொதுவான இடம், நீங்களும் வரலாம்." என்னிடம் இரண்டு பாடத்தில் அரியர் வைத்துப் பாஸான பையன்தான். என் அறைக்கு என்னையே விருந்தாளியாகக் கூப்பிடுகிறான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மனைவி பால்கனியில் நின்று அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். ஞாயிறு தோறும் நடப்பது. நான் வந்தால் குரலைத் தணிப்பாள், வெளிநாட்டு ஒற்றன் மாதிரி.

அந்த அண்ணன்தான் கொக்கு. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். நீளக் கழுத்து. யோசிக்கும்போது ஒரு காலில் நிற்பான். பேர் வைத்தவன் நான். எனக்குச் 'சிடு' என்று பேர் வைத்தவன் அவன். சிடுமூஞ்சியைச் சுருக்கினான். அவன் வீட்டுக்குப் போய் வந்துதான் அவன் தங்கையைப் பார்த்தேன், கட்டிக்கொண்டேன். அதுவரை எல்லாம் சரி.

பதினேழு வருடத்துக்கு முன் நாங்கள் சேர்ந்து செய்த வேலை அது. கணக்கில் பாதி என்னுடையது, பாதிக்கு மேலேயே. அவன் ஒரு வருடம் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போனான். அங்கிருந்து கட்டுரை வெளிவந்தது. அவன் பெயர், அங்கிருந்த இரண்டு பேரின் பெயர். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நான்: 'பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி.'

பயனுள்ள உரையாடல்கள். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே பேசினோமாம்.

அந்தக் கட்டுரையை வைத்துத்தான் அவன் ஆய்வக இயக்குநர் ஆனான். நான் இங்கே காபி இயந்திரத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து நேராகப் பேச்சில்லை. கல்யாணம், சாவு என்றால் தலையசைப்பு. மற்றதெல்லாம் என் மனைவி வழியாக.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தந்தி ஆபீஸா?" என்று ஒருமுறை கத்தினாள். தந்தி ஆபீஸில் இவ்வளவு கூடுதல் கட்டணம் கிடையாது என்றேன். மூன்று நாள் என்னோடும் பேச்சில்லை.

மார்ச் 5, புதன்

சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் இருந்து பொறியாளர் வந்தார். மலைச்சாலைக்கு மேலே மண் சரிவில் பெட்டிகளைப் புதைத்திருக்கிறார்கள். மண் நகர்ந்தால் பெட்டி ரேடியோவில் சொல்லும், அடுத்த பெட்டி அதைப் படித்துக் கீழே கடத்தும். மழை பலமாக அடிக்கும்போது சிக்னல் நைந்துபோகிறது. பெட்டியில் சின்ன பேட்டரி, பெரிய கணக்கெல்லாம் போட முடியாது. எங்கள் டிகோடர் அதற்கென்றே தைத்த சட்டை. எண்களை முரட்டுத்தனமாகச் சுருக்கி, ஏழெட்டு அளவுகளுக்குள் வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது.

"மழைக்கு முன்னாடி எல்லாப் பெட்டியிலயும் ஏத்திடலாமா சார்?" என்றார்.

ஏற்றிவிடலாம் என்றேன். ஒரு கள சோதனை முடித்துவிட்டு.

அவர் போனதும் மாணவி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். கொக்கின் ஆய்வகத்தில் போன மழைக்காலத்துப் பதிவு இருக்கிறதாம், சரிவு உண்மையிலேயே அசைந்த நாட்களுடையது. "கேட்டா தருவாங்க சார். அவங்க லேப்ல எல்லாருக்கும் தராங்க."

"தேவையில்லை."

"ஒரு மெயில் போட்டா..."

"அவங்ககிட்டப் போய்க் கை நீட்டணும்னு ஒண்ணும் இல்லம்மா. நம்ம கோடே போதும்."

அவள் மடிக்கணினியை மூடினாள். போகும்போது கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினாள். அது ஒரு வகைக் கோபம்.

மார்ச் 20, வியாழன்

சரிவில் சோதனை. நல்ல வெயில். சிக்னல் பலத்தை வேண்டுமென்றே குறைத்து, இரைச்சலில் முக்கி எடுத்தோம். பழைய டிகோடர் உளறியது. எங்களுடையது ஒரு பிழைகூட விடவில்லை. பெட்டிகள் 'அசைவில்லை' என்று அனுப்பின. நாங்கள் 'அசைவில்லை' என்று படித்தோம். காலையிலிருந்து மாலைவரை.

பொறியாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு நாள் எங்க சார் இருந்தீங்க?"

மலையடிவாரத்தில்தான் ஐயா. கேட்க ஆளில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கட்டுரை ஏற்கப்பட்டது. பெரிய மாநாடு, முக்கியமான அரங்கு. மாணவியின் வேலையும் உறுதியாகிவிட்டது, ஜூலையில் சேர வேண்டும், அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் போதும். துறைத் தலைவர் பத்திரிகைச் செய்தி தயாரிக்கச் சொல்லியிருக்கிறார். படம் எடுக்க ஒரு பையன் வந்தான். கரும்பலகை முன் நிற்கச் சொன்னான். "சார், கொஞ்சம் சிரிங்க." இதுதான் சிரிப்பு என்றேன்.

இரவு உணவின்போது மனைவியிடம் சொன்னேன். மகிழ்ந்தாள், உண்மையாகவே. "அண்ணன்கிட்ட சொல்லவா?"

சொல். முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

சொல்லிவிட்டாளாம். "சந்தோஷம்னு சொன்னான்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லையா? "இல்ல." ஏமாற்றமாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் அவனே எனக்குக் கூப்பிட்டான். திரையில் பெயரைப் பார்த்ததும் கட் செய்தேன். திரும்பவும் கூப்பிட்டான். திரும்பவும் கட். இப்போது மட்டும் எதற்கு?

பத்து நிமிடம் கழித்து மனைவி பால்கனியிலிருந்து வந்தாள். கையில் போன், முகத்தில் குழப்பம்.

"ஏங்க, அண்ணன் ஒண்ணு கேக்கச் சொன்னான். எனக்குப் புரியல, சொன்னதை அப்படியே சொல்றேன். உங்க கட்டுரைய நெட்டுல பார்த்தானாம். வளைவு ரொம்ப நல்லா விழுதாம். 'ரொம்பவே நல்லா விழுது, ஒண்ணு அனுப்பிப் பார்த்தானா, இல்ல வெறும் பூஜ்யத்தையே அனுப்பிட்டு இருக்கானான்னு கேளு'ங்கறான்."

"அவ்வளவுதானா?"

"'கோச்சுக்காம கேளு'ன்னான்."

பொறாமை. வேறு என்ன. பதினேழு வருடம் கழித்து ஒருவன் தலையைத் தூக்கினால் உடனே குனியவைக்க வேண்டும். இவன் யார் எனக்குப் பாடம் எடுக்க? நேரியல் குறியீட்டுக்குப் பூஜ்யச் சொல் போதும் என்று வருடா வருடம் நான் வகுப்பில் சொல்கிறேன். நிபந்தனையோடு சொல்கிறேன். டிகோடர் பூஜ்யத்தையும் ஒன்றையும் பாரபட்சம் இல்லாமல் நடத்த வேண்டும், அது ஒன்றுதான்...

எங்கள் டிகோடர் பாரபட்சம் காட்டாது. ஏன் காட்டப் போகிறது?

ஏப்ரல் 21, திங்கள்

காட்டாது.

ஏப்ரல் 23, புதன்

இன்று விடுமுறை. காலையில் துறைக்குப் போனேன், வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தார். மாணவியின் புரோகிராமை எடுத்தேன். பூஜ்யத்துக்குப் பதில் ரேண்டம் பிட்டுகள். ஒரே ஒரு மாற்றம். ஓடவிட்டு, காபி இயந்திரத்திடம் போய் நின்றேன். வந்து பார்த்தேன்.

கோடு விழவில்லை.

கொஞ்சம் இறங்கி, அப்படியே படுத்துவிட்டது. பழைய டிகோடர்களைவிட மோசம்.

ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று திரும்ப ஓட்டினேன். அதேதான். முழுக்க ஒன்றுகளாக ஒரு சொல் அனுப்பினேன். ஐயோ.

பிறகு புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். ஒரு வரியில் இருக்கிறது. வகுப்பில் சொல்வதுபோல் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்: ஒவ்வொரு பிட்டுக்கும் டிகோடர் வாக்கு எண்ணுகிறது. கூட்டல் பக்கம் சாய்ந்தால் பூஜ்யம். கழித்தல் பக்கம் சாய்ந்தால் ஒன்று. சரியாக நடுவில் நின்றால்? அந்த வரி சொல்கிறது: பூஜ்யம். எண்களை முரட்டுத்தனமாகச் சுருக்கியதால் வாக்கு அடிக்கடி நடுவில் நிற்கிறது. நாங்கள் அனுப்பியது எல்லாம் பூஜ்யம். ஆகவே குழப்பம் வந்தபோதெல்லாம் விடை சரி. பரீட்சையில் தெரியாத கேள்விக்கெல்லாம் ஒரே விடையை எழுதுபவனுக்கு, எல்லாக் கேள்விக்கும் அதே விடை வருகிற மாதிரி வினாத்தாள் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

வாக்கு சமனாக நின்றால் யார் பேச்சைக் கேட்பது என்று முதல் வகுப்பிலேயே நான் கேட்கிற கேள்வி.

மாலை

சரிவு. அந்த வெயில் நாள். பெட்டியின் எண்ணும் நேரமும் வேறு பழைய குறியீட்டில் போகின்றன, அளவீடு மட்டும்தான் எங்கள் குறியீட்டில். மண் அசையாதபோது அளவீடு என்ன? பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அன்றும் நாங்கள் பூஜ்யத்தைத்தான் படித்தோம். அதுதான் ஒரு பிழைகூட இல்லை.

மழையில் சிக்னல் நைந்துபோகும்போது, மண் நகர்ந்து பெட்டி அலறும்போது, இந்த டிகோடர் தெரியாத இடத்திலெல்லாம் பூஜ்யம் போடும். அசைவில்லை, அசைவில்லை என்று படிக்கும். கீழே சாலையில் பஸ் போய்க்கொண்டிருக்கும்.

மனைவி "என்ன, முகம் இப்படி இருக்கு?" என்றாள். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மாணவியிடம் சொன்னேன். திரையைக் காட்டினேன், வரியைக் காட்டினேன். அவள் நீண்ட நேரம் அந்த வரியையே பார்த்தாள்.

"நான் பிப்ரவரியிலேயே கேட்டேன் சார்."

"கேட்டே."

"மார்ச்லயும் கேட்டேன். அந்தப் பதிவு வாங்கலாம்னு."

"ஞாபகம் இருக்கு."

"இந்த வரி நான் எழுதினது. பூஜ்யம் அனுப்புன்னது நீங்க. ரெண்டு பேர்ல யாரைத் திட்டறதுன்னு தெரியல எனக்கு." கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஜூலையில வேலைக்குச் சேரணும் சார். அந்த அத்தியாயம் இல்லன்னா என்கிட்ட என்ன இருக்கு?"

என்னைத் திட்டு என்றேன்.

"திட்டிட்டுதான் இருக்கேன்" என்றாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

சமன் வந்தால் காசு சுண்டிப் போடுவதுபோல் மாற்றி ஓட்டினாள். பழைய டிகோடரைவிடச் சற்றே நல்லது. கோடுகளுக்கு இடையே ஒரு நூல் இடைவெளி. இதற்கு யாரும் மாநாட்டில் எழுந்து நின்று கை தட்ட மாட்டார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

துறைத் தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சார், வரியை மாத்திட்டீங்க இல்ல? அப்புறம் என்ன? பிரசன்டேஷன்ல ஒரு ஸ்லைடுல லேசா ஒரு குறிப்பு போட்டுக்கலாம். செய்தி வேற போயிடுச்சு. வாபஸ் கீபஸ்னு ஆரம்பிச்சா துறைக்கே..."

"எண்ணே தப்பு."

"எண்ணு தப்புன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும், மாணவிக்குத் தெரியும், கொக்குக்குத் தெரியும் என்று சொல்ல வந்தேன். கடைசிப் பெயர் வாயில் வரவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

யோசித்தேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அரங்கில் நிற்கலாம். குறிப்பு பொடி எழுத்தில் இருக்கும். எனக்குப் பொடி எழுத்துப் பழக்கம்தான், இருந்து பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 30, புதன்

சரிவுப் பொறியாளருக்குப் போன் செய்து ஏற்ற வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"சார், என் கண்ணு முன்னாடிதானே நடந்தது? ஒரு தப்பு இல்லையே."

"அன்னைக்கு மண்ணு அசையல."

"அசையலன்னு சரியாதானே சொல்லிச்சு?"

"அசைஞ்சிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கும்."

பாதிப் பெட்டிகளில் ஏற்றியாகிவிட்டது என்றார். திரும்ப எடுக்க வேண்டுமென்றால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், சும்மா பேராசிரியர் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது, ஏதாவது காட்டுங்கள் என்றார். மண் அசைந்த நாளில் இது எப்படி நடந்திருக்கும் என்று காட்டினால் போதும், அன்றே எடுத்துவிடுகிறேன் என்றார்.

மண் அசைந்த நாளின் பதிவு ஒரே ஒருவனிடம்தான் இருக்கிறது.

மே 2, வெள்ளி

மாணவியையே மெயில் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன். மனைவி வழியாகக் கேட்கலாம் என்றும் நினைத்தேன். கோப்பின் பெயர், மாதிரி வேகம், எந்த நாள், எந்தப் பெட்டி என்று அவளிடம் சொல்லிக் கொடுத்து... மனைவி பாதியிலேயே கேட்டாள்: "நானே கேக்கணுமா? ஏன், உங்க வாய் எங்க?"

பிறகு வராந்தாவில் நின்று நானே கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் தங்கச்சி வீட்டுக்காரன்."

"டேய் சிடு! என்னடா, கை தவறி அமுக்கிட்டியா?"

"போன மழைக்காலத்துப் பதிவு வேணும். சரிவு அசைஞ்ச நாளோடது."

"எடுத்ததும் வேலையா? சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கிடையாதா?"

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"சரி. பதிவு?"

சிரித்தான். அதே சிரிப்பு, மூக்கால். "அனுப்பறேன்டா. சமன் வந்தா பூஜ்யம் போட்டுச்சா?"

"எப்படித் தெரியும்?"

"நானும் போட்டிருக்கேன். நாலு மாசம் அதை வச்சிக்கிட்டு ஆகாயத்துல பறந்தேன். அப்புறம் சத்தம் போடாம இறங்கிட்டேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உன் கோட்டைப் பார்த்ததும் என் கோடு மாதிரியே இருந்துச்சு. நீ ஏன் ரெண்டு தடவை கட் பண்ணே?"

"நீ ஏன் பதினேழு வருஷம் கழிச்சு கூப்பிட்டே?"

யாரோ பின்னால் அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "பதிவு மதியத்துக்குள்ள வரும்" என்றான். வைத்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன்.

அவனும் அதே தவறைச் செய்திருக்கிறான். இது எனக்கு ஏன் இவ்வளவு ஆறுதலாக இருக்கிறது?

மே 5, திங்கள்

மாணவி பதிவை எங்கள் டிகோடரில், பெட்டிகளில் ஏற்றிய அதே வடிவத்தில், ஓட்டினாள். சரிவு நகர்ந்த மாலை. பெட்டி தொடர்ந்து எச்சரித்திருக்கிறது. எங்கள் டிகோடர் அந்தப் பகுதி முழுக்க 'அசைவில்லை' என்று படித்தது. இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட்டது. உடனே சமாதானமாகிவிட்டது.

பொறியாளர் திரையைப் பார்த்தார். வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். பழைய டிகோடரையே எல்லாப் பெட்டியிலும் திரும்ப ஏற்றுகிறார்கள்.

மே 6, செவ்வாய்

கட்டுரையை வாபஸ் வாங்கினேன். துறைத் தலைவர் ஒரு வாரமாக என்னைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். போன் அணைந்திருப்பது எனக்குத் தெரிகிறது.

மே 19, திங்கள்

மாணவி வேலையில் பேசி நவம்பர்வரை அவகாசம் வாங்கியிருக்கிறாள். எப்படிக் கேட்டாய் என்றேன். "என்ன நடந்ததுன்னு அப்படியே சொன்னேன் சார். இப்படித் தப்பு கண்டுபிடிக்கிற ஆளுதான் வேணும்னு சொன்னாங்க." நாம் கண்டுபிடிக்கவில்லையே என்றேன். "அதையும் சொன்னேன். கண்டுபிடிச்சவரை வேலைக்கு எடுக்க முடியுமான்னு கேட்டாங்க."

அத்தியாயத்தைத் திருப்பி எழுதுகிறாள்: முரட்டு எண்களில் சமன் வரும் இடங்கள், அவற்றை எப்படி நடத்துவது. காசு சுண்டுவதைவிட நல்ல வழி ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. டிகோடர் வாக்கைப் பல சுற்று எண்ணுகிறது; முந்தைய சுற்றில் என்ன நினைத்தாயோ அதிலேயே நில் என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். கொக்கு வேறொன்று சொன்னானாம்: முந்தைய சுற்றையும் நம்பாதே, காற்றிலிருந்து முதலில் வந்த சிக்னலைக் கேள். அவள் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள்.

அவன் சொன்னதுதான் சரி. எரிச்சல்.

ஜூன் 15, ஞாயிறு

கொக்கு கூப்பிட்டான், மனைவியின் போனில். அவள் பேசி முடித்து என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். எண் சுருக்கம் பற்றி அரை மணி நேரம் கத்தினோம். மனைவி வந்து "அக்கம்பக்கம் கேக்குது" என்றாள். வைத்த பிறகு, "சண்டையா?" என்றாள்.

"இல்ல, வேலை."

"ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான் போடுவீங்களா?"

ஜூலை 17, வியாழன்

பலத்த மழை. காலையிலேயே பெட்டிகள் எச்சரித்திருக்கின்றன. மலைச்சாலையை மூடினார்கள். மதியம் மண் சரிந்து சாலையின் ஒரு வளைவை மூடிவிட்டது. அடியில் யாரும் இல்லை. பொறியாளர் செய்தி அனுப்பினார், படத்தோடு. வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மரம் வேரோடு கிடக்கிறது.

படித்துச் சொன்னது பழைய டிகோடர். நாற்பது வருடத்துக்கு முந்தைய முறை, யார் எழுதியதென்றே இப்போது யாருக்கும் நினைவில்லை. என்னுடையதும் இல்லை, கொக்குடையதும் இல்லை.

நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புதிய கட்டுரை தயார். சின்னக் கட்டுரை. சிறிய முன்னேற்றம், ஆனால் ரேண்டம் டேட்டாவில், மழைப் பதிவில், முழுக்க ஒன்றுகளில், எதில் ஓட்டினாலும் அதே கோடு. 'பூஜ்யச் சொல்லை மட்டும் வைத்துச் சோதித்தால் என்ன ஆகும்' என்று ஒரு பகுதி, எங்கள் பழைய கோட்டோடு. அதைப் போட வேண்டும் என்றது மாணவி. நான் மறுக்கவில்லை.

இறுதிப் பக்கத்துக்கு வந்தோம்.

"உங்க மச்சானுக்கு நன்றிப் பகுதியில என்ன சார் எழுதட்டும்? 'பயனுள்ள உரையாடல்களுக்கு'ன்னு போடவா? எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

அவளுக்குத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை அவன் பெயரோடு எழுதிப் பார்க்கப் பதினேழு வருடமாகக் காத்திருக்கிறேன். எந்த எழுத்துருவில் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். பொடி எழுத்து, கடைசிப் பக்கம், பொறியாளர் பெயருக்கும் கீழே.

அப்படியே போடு என்றேன். அவள் அடித்தாள். திரையில் பார்த்தேன்.

நன்றாக இருந்தது. ஒரு நிமிடம்.

"எடுத்துடு" என்றேன்.

"எதை சார்?"

"அந்த வரியை. பேரை மேல கொண்டு போ."

செப்டம்பர் 12, வெள்ளி

கொக்கு கூப்பிட்டான். வரைவு போயிருக்கிறது.

"டேய், எதுக்குடா என் பேரு? ஒரு போன் பண்ணேன், ஒரு பைல் அனுப்பினேன், ஒரு யோசனை சொன்னேன். எடுத்துடு. நன்றியில போட்டாப் போதும்."

"போட முடியாது."

"ஏன்?"

"பெயர்ப் பட்டியல்ல இருக்கறவனுக்கு நன்றி போடற வழக்கம் இல்ல."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறவில்லை.

"சரிடா" என்றான், வேறு குரலில். பிறகு, "சாப்பிட்டியா?"

"ஆச்சு" என்றேன். ஆகவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மாணவிக்குப் பட்டம் உறுதியாகிவிட்டது. திங்களன்று ஊரை விட்டுப் போகிறாள். அறையைக் காலி செய்துவிட்டு என் மேசைமேல் ஒரு காசை வைத்துவிட்டுப் போனாள். "சமன் வந்தா உபயோகமா இருக்கும் சார்" என்றாள். துறைத் தலைவர் அந்த இடத்தைக் கேட்டிருக்கிறார். குளிர்பெட்டி வைக்கவாம்.

கட்டுரையின் அச்சு வடிவம் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை மட்டும் படித்தாள். மூன்று பெயர்கள். முதலில் மாணவி.

"என்னங்க, அண்ணன் பேரு உங்க பேருக்கு முன்னாடி இருக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் அகரவரிசையில போட்டுக்கோங்கன்னா அவ. காலேஜ்லேருந்தே அவன்தான் முன்னாடி."

"பரவாயில்லையா உங்களுக்கு?"

பரவாயில்லை என்று சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். நன்றிப் பகுதியில் சரிவுப் பொறியாளர் ஒருவர் மட்டும்தான்.

அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க இந்த ஒரு வழிதான் இருந்தது.